லில்லி அக்காவிடம் விட்டுப்போன குரல்

விளக்கு வைத்து, வளவில் எல்லா வீட்டிலும் தாளிக்கிற வாசம் எழுந்து அடங்கிய பிறகு, எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் தாலாட்டுவது கேட்டது. இரண்டாவது வரியில் மூச்சுப் பற்றாமல் ஓர் இடத்தில் உடைந்து, உடைந்ததைச் சமாளிக்க லேசாகச் சிரித்து, பிறகு மறுபடி மேலே ஏறிய அந்தக் குரலைக் கேட்டு என் கை அப்படியே நின்றது, ஏனென்றால் அந்த இடத்தில் அப்படி உடைகிற குரல் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அது என்னுடையது, நானோ என் அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தேன்.

பயணம் முடிந்து நான் வீடு வந்து சேர்ந்த முதல் நாள் அது. அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒன் குரல் நல்லாத்தாம்ட்டி இருக்கு, இங்கன இருந்து கேக்கையிலதான் தெரியுது" என்றார்கள். நான் கிள்ளிய கொத்தமல்லியை ரசத்தில் போட்டேன். என் பிள்ளை எதிர்வீட்டில் அந்தக் குரலின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

எல்லாரும் படுத்த பிறகு இதை எழுதுகிறேன். பகலில் எழுதினால் யாராவது தோள்வழியே எட்டிப் பார்த்து அவர்கள் பங்குக்கு ஒன்று சேர்த்துச் சொல்வார்கள், எங்கள் வளவு அப்படிப்பட்டது. பாளையங்கோட்டையில் ஒரே இரும்புக் கேட்டுக்குள் எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள், நடுவில் அடிகுழாய், பக்கத்தில் துவைகல், ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் நாலு வீட்டில் நூறாயுசு சொல்லுவார்கள். இங்கே யார் வெளியூர் போனாலும் எதையாவது யாரிடமாவது கொடுத்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். சாவி, கோழி, ரோஜாத் தொட்டி, வயதான மாமனார் என்று எதையும் கொடுத்து வைக்கலாம், வாங்கி வைத்தவர்கள் தங்களுடையதைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கொடுத்தவர்கள் வாய்விட்டுத் திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும், வாங்கியவர்களாக ஒருநாள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கும்போது வெறுமையாகவும் கொடுக்கக் கூடாது. கிண்ணத்தைத் திருப்பினால் உள்ளே ஒரு கை சீனி இருக்கும், கோழியைத் திருப்பினால் அதன் காலில் ஒரு சிவப்பு நூல், மாமனாரைத் திருப்பினால் அவர் சட்டைப்பையில் கொஞ்சம் கற்கண்டு. இந்த வளவுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து இதெல்லாம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, எவ்வளவு மரியாதையான மனிதர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் பயந்த பிறவி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளில் வீட்டாரோடு ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் போனால், ஆற்றுப்பாலம் வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து, சக்கரச் சத்தம் மாறுகிறவரை நிறுத்தமாட்டேன். அப்படிப்பட்ட எனக்கு, கான்வென்டில் எட்டாம் வகுப்பில் புவியியல் எடுத்த சிஸ்டர் வெரோனிக்கா, அவர் மேகாலயாக்காரர், ஒரு மழை நாளில் பாடத்தை விட்டுவிட்டுக் கரும்பலகையில் ஒரு பாலம் வரைந்து காட்டினார். எங்கள் ஊரில் பாலம் கட்டுவதில்லை, வளர்ப்பார்கள் என்றார். ஆலமரம் மாதிரி ஒரு மரத்தின் வேரை, குடைந்த பாக்குமரத்துக்குள் விட்டு ஓடைக்கு அக்கரைவரை மெல்ல நடத்திக்கொண்டு போவார்களாம், வேர் அக்கரை மண்ணைப் பிடித்து, பருத்து, பின்னி, ஆள் நடக்கிற மாதிரி ஆக ஒரு ஆயுசு ஆகுமாம், நட்டவர் நடக்கமாட்டாராம், அவருடைய பேரப்பிள்ளை நடக்குமாம். வகுப்பே கொட்டாவி விட்டது. எனக்கு மட்டும் தோன்றியது, உயிருள்ள பாலம் என்னைக் கீழே போட்டுவிடாது என்று. பெஞ்சில் என் இரண்டு பக்கமும் இருந்த ரெஜினாவிடமும் மும்தாஜிடமும் சொன்னேன், அந்தப் பாலத்தில் ஒரு தடவை கண்ணைத் திறந்துகொண்டு நடக்க வேண்டும். அவர்கள் சரி என்றார்கள், என்னவோ கேன்டீனுக்குக் கூப்பிட்ட மாதிரி.

சரி என்றதை அவர்கள் மறக்கவே இல்லை. எனக்குக் கல்யாணமாகி, இனிகா பிறந்து, அவள் தவழ ஆரம்பித்திருந்த சமயத்தில் ரெஜினா ஒருநாள் வீட்டுக்கே வந்து, "டிக்கெட் போட்டாச்சு, மூணு பேருக்கும். உன் புருஷங்கிட்ட நீ கேப்பியா, நான் கேக்கட்டா?" என்றாள். அவள் கேட்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஜெயசிங், "போய்ட்டு வா பெனி, பெறவுன்னா முட்டு வலி வந்துரும்" என்றார். அத்தைதான் முகத்தைத் தூக்குவார்கள் என்று நினைத்தேன், அத்தை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, "நான் இந்த ஊரத் தாண்டுனதெல்லாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான், நீயாவது சும்மா ஒரு எடத்துக்குப் போய்ட்டு வாட்டி" என்றார்கள். மூன்றாவது வீட்டு சுப்பம்மா மைனி, ஊட்டியில் வேலை பார்த்த மகனுடைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து என் மேல் வைத்து அளவு பார்த்தார்கள். மும்தாஜ் தன் மாமியாரின் பெட்டியை அனுப்பினாள். யாரோ முந்திரிக்கொத்து சுட்டார்கள், யாரோ மழைக்கோட்டு கொடுத்தார்கள். இத்தனை பேர் தள்ளிவிட்டால் பாறைகூட நகரும், நானும் நகர்ந்தேன்.

ஒரே ஒரு முட்டுக்கட்டைதான். பிள்ளை என் குரல் இல்லாமல் தூங்காது. புட்டிப்பால் குடிக்கும், கேப்பைக் கூழ் குடிக்கும், யார் தோளிலும் சாயும், ஆனால் தூக்கம் வந்துவிட்டால் நான் பாட வேண்டும், அதுவும் அந்த இரண்டாவது வரியில் உடைகிற இடம் வந்தால்தான் கண் சொருகும். போனில் பதிந்து போட்டுப் பார்த்தோம். பிள்ளை போனைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தது, நான் அங்கே இல்லை என்று தெரிந்ததும் வளவே எழுந்து உட்காருகிற மாதிரி அழுதது.

மறுநாள் காலையில் அடிகுழாயில் வரிசை நிற்கும்போது இந்தப் பேச்சு வந்தது. "அப்பம் குரலக் கொடுத்து வச்சுட்டுப் போயேன்" என்றார்கள் சுப்பம்மா மைனி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை, முடியுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, யாரிடம் கொடுத்து வைப்பது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது. அத்தை தன்னிடம் தரச் சொன்னார்கள். "ஒங்க தொண்டையில ஏற்கெனவே ஒண்ணு கெடக்குல்லா, ரெண்டும் சண்ட போட்டா பிள்ள எங்கிட்டு ஒறங்கும்" என்றார்கள் மைனி. காலியான தொண்டையாக இருக்க வேண்டும் என்று முடிவானது, முடிவானதும் எல்லோரும் ஒரே சமயத்தில் லில்லி அக்காவைப் பார்த்தார்கள்.

லில்லி அக்கா எங்களுக்கு நேர் எதிர்வீடு. கிரைண்டர் போட்டு வளவுக்கும் அடுத்த தெருவுக்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள், வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகன் மஸ்கட்டில். அடிகுழாய்ச் சண்டையில் அவளை ஜெயிக்க ஒரு காலத்தில் இந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்பார்கள். நான் மருமகளாக வருவதற்கு முன்பே கழுத்தில் கட்டி வந்து, அதை எடுத்தபோது கட்டியோடு குரலும் போய்விட்டது, அதன்பிறகு வெறும் காற்றுதான், ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு தடவை கை தட்டுவாள். அன்றைக்கு எல்லோரும் பார்த்ததும் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள்.

ரயிலுக்குக் கிளம்புகிற அன்று காலையில் கொடுத்தேன். இனிகாவுக்கு மருந்து புகட்டுகிற சங்கான பாலாடையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, அதில் வாயை வைத்து என் குரலைச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஈரச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றுகிற மாதிரி ஒரு இழுப்பு, பிறகு ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான். லில்லி அக்கா பாலாடையை அண்ணாந்து குடித்தாள், இருமினாள், என் குரலில், "உப்புக் கரிக்கு" என்றாள். நான் அழுததால் இருக்கும். வளவே சிரித்தது. பிள்ளை அவள் வாயையே பார்த்துவிட்டுத் தானும் சிரித்தது. நான் நிம்மதியாகக் கிளம்பினேன்.

வழியெல்லாம் ரெஜினாதான் எனக்கும் சேர்த்துப் பேசினாள். "கிளாஸ்ல நீ இப்படி இருந்திருந்தா சிஸ்டர் உனக்குக் கோயில் கட்டியிருப்பாங்க" என்று கேலி செய்தாள், டீ வந்தால் எனக்குச் சர்க்கரை குறைவு என்று மும்தாஜ் சொன்னாள். ரயில் ஊர் ஊராக மாறிக்கொண்டே போனது, மண் சிவந்து, கறுத்து, பச்சையானது, பேச்சு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வேறானது, எந்தப் பேச்சிலும் எனக்குப் பேச வேண்டியிருக்கவில்லை. மாலையானால் மட்டும் தொண்டையில் ஒரு சூடு ஏறும், யாரோ என் அடுப்பைப் பற்றவைத்த மாதிரி, பிள்ளை தூங்கப் போகிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

ஒருநாள் வீட்டுக்காரர் போன் போட்டு, பிள்ளையின் மூச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து என் குரல், "பெனி, நல்லாயிருக்கியா? சாப்பிட்டியா? பிள்ளையப் பத்திக் கவலப்படாத, இப்பந்தான் ஒறங்குனா" என்று என்னிடம் கேட்டது. யாரும் தன் குரலிலிருந்து தனக்கு இவ்வளவு அன்பாக ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். நான் நகத்தால் போனை ஒரு தட்டுத் தட்டினேன், ஆமாம் என்று அர்த்தம். வேறு ஒன்றும் தட்டத் தெரியவில்லை.

பாலத்தையும் பார்த்தேன். கீழே, கீழே, இன்னும் கீழே என்று பாசி பிடித்த படிகள், இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, மழை பெய்கிறதா மரம் சொட்டுகிறதா என்று சொல்ல முடியாத ஈரம், முடிவில் ஓடைக்கு மேலே அது சிஸ்டர் வரைந்த மாதிரியே நின்றது, வேரும் வேரும் பின்னிக் கிழவர்கள் கைகோத்த மாதிரி. கண்ணைத் திறந்துகொண்டு நடந்தேன். பயமே இல்லை. நட்ட நடுவில் நின்று, பிள்ளையின் பெயரை ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்று தோன்றி வாயைத் திறந்தேன், காற்று வந்தது. அப்போது அந்த ஊர்ப் பெண் ஒருத்தி முதுகில் பிள்ளையைத் துணியால் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள், அடிக்கு ஒரு வார்த்தையாகத் தன் பிள்ளையிடம் என்னவோ சொல்லிக்கொண்டே போனாள், பிள்ளை ம், ம் என்றது. அக்கரை போய் மறைகிறவரை அவர்கள் பேச்சு கேட்டது. நான் ஆசைப்பட்ட பாலம் முழுக்க இப்போது எனக்கு அந்தப் பேச்சாகத்தான் நினைவிருக்கிறது.

திரும்பி வந்த மறுநாள் காலையில் லில்லி அக்கா தட்டில் வாழைப்பழமும் பூவும் வைத்துக்கொண்டு வந்தாள். பாலாடையை எடுத்து வைத்துக்கொண்டு நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன். அவள் உட்காராமல் நின்றுகொண்டு, "பெனி, வெறுமனே தரக்கூடாதுல்லா. குரலுக்குள்ள என்னத்த வைக்கன்னு தெரியலையே" என்றாள்.

அது நியாயமான சந்தேகமாக எல்லோருக்கும் பட்டது. கற்கண்டு வைக்கலாம் என்றார் ஒருவர், மிளகு வைத்தால் சளி பிடிக்காது என்றார் இன்னொருவர். "கிண்ணத்துல சீனி வைக்கலாம், குரல்ல வார்த்தையத்தான் வைக்கணும்" என்றாள் லில்லி அக்கா. "நல்லதா ஒண்ணு யோசிச்சு வச்சுத் தாறேன் பெனி, ரெண்டு நாள் பொறுத்துக்க." நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், அது இப்போதே வேண்டும் என்று கேட்க வாயும் இல்லை, வாய் இருந்திருந்தாலும் கேட்கிற வழக்கம் இல்லை.

இரண்டு நாள் நீண்டுகொண்டே போனது, ஒவ்வொரு நாளும் அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள், யோசிக்கும்போதெல்லாம் பேசிக்கொண்டும் இருந்தாள். மாவு வாங்க வருகிறவர்களிடம் பேசினாள், காய்கறிக்காரரை முக்குவரை விரட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். அடிகுழாயில், ஏழு வருஷத்துக்கு முன்பு பாதியில் விட்ட சண்டையை அதே இடத்திலிருந்து தொடங்கி ஜெயித்தாள், தோற்ற சுப்பம்மா மைனி சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழைய லில்லி வந்துட்டாளா" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசித்தாள். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

மஸ்கட்டிலிருந்து மகன் கூப்பிட்டபோது நானும் அவள் வீட்டில் இருந்தேன். இத்தனை வருஷமாக அவன் பேசுவான், இவள் மூச்சு விடுவாள். அன்றைக்கு, "எய்யா, அம்மா பேசுதேன்" என்றாள். "நீங்க யாரு?" என்றான் அவன். இவள் அவன் சின்ன வயசில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்ததையும், அதற்காக வாரியலால் வாங்கிய அடியையும், அடித்துவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்ததையும் ஒன்றொன்றாகச் சொல்லி நம்பவைத்தாள். நம்பிவிட்டான், அழுதான். போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்க்காமல், "இது எங்குரல் இல்லன்னு நான் மறந்தே போனேன் பார்த்தியா" என்றாள்.

என் வீடு நான் பேசாததற்குப் பழகிக்கொண்டது. கேஸ் ஆபீஸிலிருந்து போன் வந்தால் அத்தை போனை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், லில்லி அக்கா "ஆமா, பெனிட்டாதான் பேசுதேன்" என்று முடித்துக் கொடுத்துவிடுவாள், வேலை சுலபமாக நடந்தது. ஒரு காலையில் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார், வெளியிலிருந்து "தண்ணி வந்துட்டு" என்று குரல் கேட்டதும், "இந்தா வாறேம்மா" என்று சோப்பு முகத்தோடு எழுந்தவர், கதவோரம் குடத்தோடு நின்ற என்னைப் பார்த்து, பிளேடை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அதன்பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் என் வாயைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்துப் பேசினார்.

நான் கை தட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு தட்டு. தட்டினால், "லில்லி கூப்பிடுதா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்த்து, "இல்ல, பெனி" என்று திருத்திக்கொள்வார்கள். பிள்ளை மட்டும் எந்தத் தட்டுக்கும் திரும்பாது. என் முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, சோறு ஊட்ட வருகிற முகம், குளிப்பாட்டுகிற முகம், பார்த்தால் சிரிப்பாள். ஆனால் எதிர்வீட்டில் பேச்சு எழுந்தால் என் கையிலிருந்து வழுக்கி இறங்கி, முற்றத்தைத் தவழ்ந்து கடந்து போய்விடுவாள். அவள் எந்நேரம் வருவாளோ என்று லில்லி அக்கா கதவைத் திறந்தே போட்டிருந்தாள், மாவு வாடிக்கை முடிந்து தெரு அடங்கிய பிறகும் அது திறந்தே கிடக்கும்.

எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான். பிள்ளை ம், ப் என்று உதட்டைக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஒரு பெயரைச் சொல்லப் போகிறாள். அதற்குள் என் குரல் என்னிடம் வந்துவிட வேண்டும், அவள் முதல் தடவை கூப்பிடும்போது நான்தான் அவளுக்கு அம்மாவாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு காலையும் லில்லி அக்காவின் முகத்தைப் பார்ப்பேன், கிடைத்ததா என்று. அவள் உதட்டைப் பிதுக்குவாள், இன்னும் இல்லை என்று. எத்தனையோ வார்த்தை இருக்கிறது, ஒன்றைப் போட்டுக் கொடேன் என்று மனசுக்குள் கத்துவேன், அவளைப் பார்த்துச் சிரிப்பேன்.

இன்று காலை துணி துவைக்கிற நேரம். நான் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தேன். இனிகா துவைகல்லைப் பிடித்து முதல் தடவையாகத் தானே எழுந்து நின்றாள், நின்றதை யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள், குழாயடியில் மைனியோடு பேசிக்கொண்டிருந்த குரலின் பக்கம் திரும்பி, தெளிவாக, "ம்மா" என்றாள்.

"என்ன மக்கா" என்றது என் குரல்.

எங்கள் வீட்டில் யாரும் மக்கா என்பதில்லை. நான் கான்வென்டுப் பழக்கத்தில் செல்லம் என்பேன், அத்தை ஏட்டி என்பார்கள். மக்கா வள்ளியூர்ப் பக்கத்துப் பேச்சு, லில்லி அக்கா பிறந்த ஊர். சொல்லிவிட்டு அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடிகுழாய் பாதியில் நின்றது. பிறகு சுப்பம்மா மைனி இந்த வருஷத்துப் புளி சரியில்லை என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள், எல்லோரும் புளியைப் பற்றிப் பேசினார்கள், நானும் போர்வையில் இல்லாத தண்ணீரைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

மத்தியானம், பிள்ளை தூங்கும்போது, லில்லி அக்கா தனியாக வந்தாள். தட்டு இல்லை, பூ இல்லை. "வைக்கதுக்குக் கெடச்சிட்டு பெனி" என்றாள். "அவ கூப்பிட்டதுக்கு நான் ஒரு பதில் சொன்னேம்லா, அத உள்ள வச்சிருக்கேன். அது ஒனக்குள்ளது. எம்வாய் முந்திக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமை உன் மகன் கூப்பிடுவானே, அதுவரை வைத்துக்கொள் என்று நான் சைகையாவது காட்டியிருக்கலாம். அவள் ஒரு நிமிஷம் நின்ற நிற்பு அதற்குத்தான் இடம் விட்ட மாதிரி இருந்தது. நான் பாலாடையை எடுத்து நீட்டினேன்.

"ஒரே ஒரு தடவ எம்பேரச் சொல்லிக்கிடுதேன்" என்றாள். "லில்லி புஷ்பம்" என்றாள், யாரோ வாசலில் வந்து அவளைக் கேட்கிற மாதிரி. பிறகு பாலாடையில் வாயை வைத்தாள். நான் குடித்தேன். உப்புக் கரிக்கவில்லை, புளித்த மாவின் வாசம் இருந்தது. "அக்கா" என்றேன், கரகரவென்று வந்தது. அவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் பிள்ளை விழித்ததும், "இனிகா" என்றேன். எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், சோறு ஊட்டுகிற முகத்திலிருந்து அந்தக் குரல் எப்படி வருகிறது என்று பார்த்தாள், பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னைத் தாண்டித் தவழ்ந்து முற்றத்தில் இறங்கினாள். நான் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு போனேன். கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டு இன்னும் வேகமாகப் போனாள், குரல் பின்னாலிருந்து வருகிறது, அவளோ அது குடியிருந்த வீட்டைப் பார்த்துப் போகிறாள்.

லில்லி அக்கா வாசலுக்கு உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைக் கண்டதும் கையை விரித்தாள், வாய் அசைந்தது, காற்று வந்தது. இனிகா அவள் மடியில் ஏறி, அவள் உதட்டை விரலால் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். வளவில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். லில்லி அக்கா பிள்ளையைத் தூக்கி, என்னைப் பார்க்கத் திருப்பி, வாசலுக்கு வெளியே தரையில் விட்டாள். பிள்ளை திரும்பி உள்ளே ஏறியது. மறுபடி தூக்கி, மறுபடி திருப்பி, வெளியே விட்டாள். மறுபடி ஏறியது. மூன்றாவது தடவை விட்டுவிட்டு, எழுந்து, கதவின் இரண்டு பக்கத்தையும் மெதுவாக, பிள்ளையின் விரல் அகப்படாமல் பார்த்துப் பார்த்துச் சாத்தினாள்.

இனிகா கதவைப் பிடித்து எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கையாலும் அடித்து, "ம்மா, ம்மா" என்று கத்தினாள்.

"என்ன மக்கா."

நான் சொல்லவில்லை. நான் யோசிப்பதற்கு முன்பே என் வாயிலிருந்து வந்தது, என் குரல்தான், ஆனால் முடிவில் லில்லி அக்காவுடைய இழுப்பு, மடியில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்புகிற மாதிரி ஒரு இழுப்பு. பிள்ளை அடிப்பதை நிறுத்தியது. மெல்லத் திரும்பி, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மூக்கு ஒழுக என்னைப் பார்த்தது. இன்னும் ஒருமுறை சந்தேகமாக, "ம்மா?" என்றது. "என்ன மக்கா" என்றேன். கையை நீட்டியது.

அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். இதை லில்லி அக்கா உள்ளே நின்று கேட்டிருப்பாள், இனி தினமும் முற்றத்துக்கு அக்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். லில்லி அக்கா, கதவைத் திற, இவளை அப்பப்பம் வச்சுக்க, ஞாயித்துக்கெழம குரலக் கொண்டுட்டு நானே வாறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது, சொல்லக் குரலும் இருந்தது. ஆனால் கதவு திறந்தால் பிள்ளை எந்தப் பக்கம் தாவும் என்று எனக்குத் தெரியவில்லை. பயத்தில் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே, வெகுநாள் போடாமல் துருப்பிடித்த தாழ்ப்பாள் நகர மறுத்து ஒரு தடவை நின்றது, பிறகு கிறீச்சென்று முழுவதும் போய் விழுந்தது.